சாமான் கிடைக்கிற வண்டி

பழைய வண்டி ஒன்று பார்த்துக் கொடுக்கச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வண்டிண்ணே நல்ல வண்டி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்க ஊர் ஸ்பேர்ஸ் கடையில எந்த வண்டிக்குச் சாமான் தொங்குது?" என்று. தினமும் வேலைக்குப் போய் வர வாங்குகிற வண்டிக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. காலை எட்டு மணிக்கு கிளட்ச் கேபிள் அறுந்தால் எட்டரைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அந்தக் கேபிளுக்காக மதுரைக்கு ஆள் அனுப்பி, அதுவும் கிடைக்காமல் இரண்டு நாள் பஸ்ஸில் போய், ஒரு நாள் சம்பளமும் போனால், பத்தாயிரத்துக்குக் கிடைத்த வண்டியும் விலை கூடிய வண்டிதான்.

அந்தக் கணக்கில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது 100 சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டி. ஹீரோ ஹோண்டா 1985-ல் சிடி 100 வண்டியையும், 1994-ல் ஸ்பிளெண்டரையும் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே குடும்பத்து என்ஜின்: 97.2 சிசி, 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக், கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் முன்பக்கம் நீட்டிய ஒற்றை சிலிண்டர். 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறிய பிறகும் இந்த என்ஜின் நிற்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே அளவில் ஓடியதால் இதன் பிஸ்டன் செட், வால்வு, டைமிங் செயின், கிளட்ச் பிளேட் எல்லாம் ஒரிஜினலாகவும் வெளிச் சரக்காகவும் சின்ன ஊர்களில்கூடக் கிடைக்கின்றன. லேத்காரர்களுக்கு இதன் அளவுகள் மனப்பாடம். பேட்டரி செத்துக் கிடந்தாலும் பழைய கார்புரேட்டர் ஸ்பிளெண்டர் உதைத்தால் கிளம்பும். பிளக்குக்கு வேண்டிய கரண்ட்டை மேக்னட்டே கொடுத்துவிடுகிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் சென்சாரில் கோளாறு என்றால் ஸ்கேனர் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். கிராமத்திலிருந்து வந்து போகிறவருக்கு 2010-க்கும் 2020 மார்ச்சுக்கும் இடைப்பட்ட கார்புரேட்டர் வண்டியே தோது. ஸ்பிளெண்டர்தான் என்று அடம்பிடிக்க மாட்டேன். பிளாட்டினா, ஷைன், ஸ்டார் சிட்டி எதுவானாலும் சரி, அந்த வட்டாரத்தில் நிறைய ஓடினால் போதும்.

எல்லோருக்கும் ஆசை ஆர்எக்ஸ் 100 மேல். எனக்கும் அந்த வண்டி உயிர். 1985-லிருந்து 1996 வரை வந்த அந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற நாள் எனக்கு நல்ல நாள். ஆனால் கடைசியாக வந்த வண்டிக்கே இன்றைக்கு வயது முப்பதை ஒட்டிவிட்டது. ஆசைப்படுகிறவர்கள் கூடியதால் விலை எங்கேயோ போய்விட்டது. பெட்ரோலோடு டூடி ஆயில் செலவும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இருக்கிற ஒரே வண்டி அதுவாக இருக்கக் கூடாது.

பெட்ரோல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மேலூரிலிருந்து மதுரைக்குப் போய் வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கொடுக்கிற வண்டிக்கு 27 லிட்டர் சொச்சம் போதும். 40 கொடுக்கிற 150 சிசி வண்டி 37 லிட்டருக்கு மேல் கேட்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். வாங்கும்போது ஐயாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள் என்று பெரிய வண்டியை எடுத்தவர், அந்த ஐயாயிரத்தை ஆறு மாதத்துக்குள் பங்கில் கொடுத்துவிடுவார்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை ஜவுளிக் குடோனுக்கு வேலைக்கு வருகிற தம்பி ஒருவனோடு வண்டி பார்க்கப் போனேன். டார்ச், பிளக் ஸ்பேனர், ஒரு வெள்ளைத் துணி. நான் எடுத்துப் போவது இவ்வளவுதான். முதலில் ஒரு கன்சல்டிங் கடை. புதுப் பெயிண்ட், புது ஸ்டிக்கர், மீட்டரில் 31,000 கிலோமீட்டர். தம்பிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நான் கீழே உட்கார்ந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். அதன் மேல் இருக்க வேண்டிய கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொட்டை. சாவித் துவாரம் அகண்டு, சாவியைப் போட்டால் ஆடியது. முன்சக்கரத்தில் மீட்டர் கேபிள் பூட்டுகிற இடத்தில் பிளையர் கடித்த தடம். 31,000 ஓடிய வண்டியில் இத்தனையும் இருக்காது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "போவோம் தம்பி" என்றேன்.

அடுத்தது ஒரு டெய்லர் வைத்திருந்த 2012 ஸ்பிளெண்டர். டேங்க் வெளுத்துப்போய், ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல் நின்றது. ஆனால் செயினில் ஆயில் ஈரம் இருந்தது. கேபிள்கள் வெவ்வேறு சமயத்தில் மாற்றியவை என்று அவற்றின் நிறமே சொன்னது. என்ஜினில் கையை வைத்தேன், சூடு. "இப்பத்தான்யா கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். "ஆறட்டும்யா, இருந்து பாத்துட்டே போறோம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். சூடான என்ஜின் எந்த உதைக்கும் கிளம்பும், தன் குறையை மறைத்துக்கொள்ளும். ஆறிய என்ஜினை உதைத்தால்தான் உள்ளது தெரியும். எவ்வளவு நேரமானாலும் நான் காத்திருப்பேன்.

ஆறியதும் உதைக்கச் சொன்னேன், இரண்டாவது உதையில் பிடித்தது. சைலன்சர் வாயில் துணியைப் பிடித்துப் புகையைப் பார்த்தேன். கிளம்பும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கும். அது சின்ன வேலை. முறுக்க முறுக்க நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கும், போரிங் வேலை வரும். பிஸ்டன் 0.25-லிருந்து 1.00 மி.மீ. வரை நாலு ஓவர்சைஸில் வருகிறது. அதனால் இதற்கு முன் எத்தனை போரிங் ஆகியிருக்கிறது என்று கேட்பது முக்கியம். கடைசி சைஸுக்குப் போய்விட்ட பிளாக்கை ஸ்லீவ் மாற்றித்தான் காப்பாற்ற முடியும். டெய்லர் வண்டியில் வந்தது அந்த ஒரு வீச்சுப் புகை மட்டும்தான்.

சத்தத்தை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் கழித்துக் கேட்க வேண்டும். மேலே டிக் டிக் என்றால் டாப்பட் அட்ஜஸ்ட்மென்ட், காசு அதிகம் ஆகாது. இடது பக்கம் கரகரவென்றால் டைமிங் செயினோ டென்ஷனரோ. அதற்கும் பயப்பட வேண்டாம், விலையில் குறைத்துக் கேட்கலாம். மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து டொக் டொக் என்று கனத்த சத்தம் வந்தால் கிராங்க் கனெக்டிங் ராடு போயிருக்கிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபித்தூள் நிறம் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. வெளுத்திருந்தால் காற்று கூடுதல்.

என்ஜினைவிட எனக்குப் பெரிய கவலை சேஸ்தான். என்ஜினை மறுபடி புதுசாக்கலாம், வளைந்த சேஸைப் பழையபடி ஆக்க முடியாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் கழுத்தில் போய் முட்டுகிற சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அது நசுங்கியோ, வெல்டிங் பிடித்தோ இருந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. அடுத்து, தெருவில் ஈர மண் இருக்கிற இடமாகப் பார்த்து வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போனேன். பின் டயர் தடம் முன் டயர் தடத்தின் மேலேயே விழுந்தது. விலகி விழுந்திருந்தால் முதலில் பின்சக்கர அலைன்மென்டைச் சரிசெய்து திரும்பத் தள்ளிப் பார்ப்பேன். அதற்கும் சேரவில்லையென்றால் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றது. கோன் செட் மாற்ற வேண்டும். அதையும் வால்வு சீலையும் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டோம், அவரும் குறைத்தார்.

பேப்பர் விஷயத்தில் நான் யாருக்கும் தயவு பார்ப்பதில்லை. ஆர்சியில் உள்ள சேஸ் நம்பரை வண்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். வண்டிமேல் கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸ்காரரிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எம்பரிவாஹன் செயலியில் வண்டி விவரமும், சலான் பாக்கியும் தெரிந்துவிடும். பதிவு 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி. அதனால் பதினான்கு வயது வண்டியை வாங்குகிறவர் இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

"பேர் அப்புறம் மாத்திக்கலாம், ஓட்டுங்க" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள், அப்படி விற்கவும் செய்யாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தான அன்றே மனுவைப் போட்டுவிட வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கொடுக்க வேண்டும்.

கையில் முப்பதாயிரம் இருந்தால் இருபத்திரண்டாயிரத்துக்குள் வண்டியை முடியுங்கள். மிச்சம் வண்டிக்கே வேண்டும். நான் முதலில் கை வைப்பது பிரேக்கில். இரண்டு ஷூவும் புதுசு, டிரம்மில் வரி விழுந்திருந்தால் அதற்கும் வைத்தியம். அடுத்து டயர். அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷமான டயர் இறுகிப்போய் மழையில் பிடிக்காது. இதில் மிச்சம் பிடிக்க நான் யாரையும் விட்டதில்லை. காலையில் போன பிள்ளை சாயங்காலம் முழுசாக வீடு திரும்ப வேண்டும்.

பெட்ரோல் பைப்பும் கார்புரேட்டர் ஓ-ரிங்கும் கையோடு மாற்றிவிடுவேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர்கள் அதற்காகச் செய்தவை இல்லை, உப்பியும் வெடித்தும் போகின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் நாள்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். தினமும் ஓடி, தினமும் பெட்ரோல் தீர்ந்து நிரம்புகிற வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

தம்பியின் வண்டிக்கு வால்வு சீல், கோன் செட், செயின் ஸ்ப்ராக்கெட், முன்டயர், பிரேக் ஷூ எல்லாம் போட்டு, 10W30 ஆயில் 900 மில்லி ஊற்றிக் கொடுத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொன்னேன், தவறாமல் வந்தான். ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வெள்ளைத் தட்டில் இறக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி லேசாக மினுங்கினால் போதும், அது தேய்மானம்தான். பித்தளை நிறப் பொடியோ, விரலில் நெருடுகிற இரும்புத் துணுக்கோ இருந்தால் என்ஜினைப் பிரிக்க வேண்டும். தட்டில் மாவுதான் இருந்தது. வலது பக்க கவரைத் திறந்து ரோட்டாரில் படிந்திருந்த பழைய சேற்றைச் சுரண்டி, அடியில் உள்ள ஆயில் ஜாலியைப் பெட்ரோலில் கழுவிப் போட்டேன். இனி 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.