டாங்கியில் ஒரு பிள்ளை

காலை ஆறே முக்கால். சாய்ந்தமருது பிரதான வீதியில் ஒரு ரொட்டிக் கடையின் வெளி வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் பிளேன்ரீ. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். ஆனால் காதில் விழுவது ஹோர்ன் சத்தம்தான்.

முதலில் வந்த பைக்கில் ஐந்து பேர். பெற்றோல் டாங்கியின் மேல் நாலு வயதுப் பெண்பிள்ளை, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தபடி. வண்டியைத் தான்தான் ஓட்டுவதாக அதற்கு நினைப்பு. அடுத்து வாப்பா. அவர் முதுகோடு ஒட்டியபடி வெள்ளை உடுப்பில் ஒரு பையன், அவன் முதுகில் அவனைவிடப் பெரிய புத்தகப் பை. கடைசியில் ஒரு பக்கமாக இருந்துகொண்டு உம்மா, மடியில் கைக்குழந்தை. ஹெல்மட் இரண்டு: ஒன்று வாப்பா தலையில், மற்றது உம்மா தலையில்.

"ராத்தா, உடுப்பு சில்லுக்குள்ள போகுது!"

மா குழைத்துக்கொண்டிருந்தவர் கத்தினார். அந்தப் பெண் ஒரு கையால் அபாயாவை வாரிச் சுருட்டித் தொடைக்குக் கீழே செருகினாள். மறு கைக்குள் குழந்தை. பைக் நிற்கவில்லை. கத்தியவரும் அதற்கு மேல் பார்க்கவில்லை, அடுத்த உருண்டையைத் தட்டத் தொடங்கினார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் இதைக் கத்துகிறாரோ.

கோப்பை காலியாவதற்குள் பிள்ளை ஏற்றிப்போன பைக் இருபத்து மூன்று எண்ணினேன். சின்னத் தலையில் ஹெல்மட் இருந்தது ஒன்றில் மட்டும். அதுவும் பெரியவரின் ஹெல்மட். கண்ணை மறைத்துக்கொண்டு, சட்டி கவிழ்த்த மாதிரி.

சட்டப்படி பைக்கில் ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு பேர் தலையிலும் ஹெல்மட். இது இந்த வீதியில் தெரியாதவர் இல்லை. பாடசாலைக்கு முன்னால் நிற்கும் பொலிஸ்காரருக்கும் தெரியும். அவர் கையை உயர்த்தி லொறியை நிறுத்துகிறார், பிள்ளைகள் கடக்கிறார்கள். ஐந்து பேரோடு வரும் பைக்குக்கும் அதே கை வழிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழேகாலுக்கு அந்த வாப்பாவை மறித்துத் துண்டு எழுதினால் பையனுக்கு முதல் பாடம் போய்விடும். வேனுக்கு மாதக் காசு கட்ட முடிந்திருந்தால் அவர் டாங்கியில் பிள்ளையை வைத்திருக்கவே மாட்டார். மறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. நேற்று ஒன்றும் ஆகவில்லை அல்லவா?

கல்லூரிப் பக்கம் கடவையில் இரண்டு பெண்பிள்ளைகள் கை கோத்து நிற்கிறார்கள். "மஞ்சக் கோட்டால போகணும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கோடு வெள்ளையாகி எத்தனையோ காலம், நம் வாயில் இன்னும் மஞ்சள்தான். ஓர் ஓட்டோ நிற்கிறது. அதை முந்திக்கொண்டு ஒரு பைக் சீறிப் போகிறது. பிள்ளைகள் வைத்த காலைப் பின்னால் எடுக்கிறார்கள். மறுபடி வைக்கிறார்கள்.

இது ஏ4. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்பு வரை போகும் நெடுஞ்சாலை. வரைபடத்தில்தான் அது நெடுஞ்சாலை. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக்காரருக்கு அது வாசல். பள்ளிவாசலும் அதில், சந்தையும் அதில், ஆஸ்பத்திரியும் அதில். காபட் போட்டு வழவழப்பாக்கிய பிறகு பேருந்துகளுக்கு அது ஓடுபாதை. ஊருக்குள் 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40 என்பது சட்டம். 30க்கு மேல் போகும் வண்டியில் அடிபட்டால் பிள்ளை பிழைப்பது கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் அரிதாகிறது என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. பாடசாலை வாசல்களில் 30தான் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கிறது. 30இல் போகிறவனைப் பார்த்து இங்கே பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான்.

அந்த நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி. உலகில் 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடையில் இறப்பவர்களை அதிகம் கொண்டுபோவது நோய் அல்ல, வீதி. ஆண்டுக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் இறக்கிறார்கள். 25 வயதுக்குட்பட்டவர்களில் பெண்பிள்ளை ஒன்றுக்கு ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ மூன்று. எங்கள் நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கு மேல் போகிறது. அதில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும்.

சுனாமியின் கணக்கை இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, காலை. கடல் ஒரே நாளில் கொண்டுபோனது, திகதி மறக்காது. வீதி ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறது.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு கடை முகப்பில் ஹெல்மட்டுகள் குலை குலையாகத் தொங்குகின்றன. ஒரு தகப்பன் ஏழு வயது மகனோடு நிற்கிறார். சின்னதாக ஒன்று கேட்கிறார். கடைப் பையன் உள்ளே போய்த் தேடி, கார்ட்டூன் ஒட்டிய ஒன்றைக் கொண்டுவருகிறான். மகனின் தலைக்குச் சரியாக இருந்தது. தகப்பன் அதைப் புரட்டிப் பார்த்தார், விலையைக் கேட்டார், திரும்பக் கொடுத்தார். "ஆறு மாசத்துல தல வளந்துரும்" என்றார், தனக்கே சொல்வது மாதிரி. ஹெல்மட் போட்டால் சாவு நூற்றுக்கு நாற்பது குறையும், தலைக் காயம் எழுபது குறையும் என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. அந்தக் கடையில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. மகன் மட்டும் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

தட்டையான கரை, சைக்கிள் ஓட ஏற்ற நிலம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒல்லாந்தர் ஞாபகம் வரும். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் அல்ல, அவர்களுடைய பேரர்கள். அவர்களுடைய நாடும் இப்படித்தான் தட்டை. 1971இல் அங்கே ஒரே ஆண்டில் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீதியில் செத்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகைக்காரர் அடுத்த ஆண்டு எழுதினார். தாய்மாரும் தகப்பன்மாரும் தெருவை மறித்தார்கள். இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிள்ளைக் கொலையை நிறுத்து'. விபத்து என்று சொல்லவில்லை, கொலை என்றார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை வந்தது, குடியிருப்புத் தெருவில் வேகம் குறைந்தது. இன்று அங்கே அந்த எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டுவதில்லை. தலைவிதி அந்த நாட்டில் மாறியது கொங்கிறீற்றாலும் பெயின்ராலும்.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் அம்பாறை வீதி. இரண்டு பக்கமும் வட்டை. அறுவடைக் காலமென்றால் வீதியில் பாதி நெல் காய்கிறது, ஓரத்தில் கல் வைத்திருக்கும். பைக்குகள் வளைந்து போகும். மாரியில் வயல் எது, வீதி எது என்று தெரியாது.

மாவடிப்பள்ளியில் இறங்கி நின்றேன். வெயில். கொக்குகள். வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர், அதுவும் தெளிந்து கிடக்கிறது. 2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை, இந்த இடத்தில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. மழைக்காக விடுமுறை விட்டு, நிந்தவூர் மத்ரஸா ஒன்றிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். எங்கள் வாயில் அது மெசின். மெசின் எந்த வெள்ளத்திலும் போகும் என்பது வயற்காரரின் நம்பிக்கை, பெரும்பாலும் போகும். அன்று போகவில்லை. ஐந்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். பொலிஸ், படையினர், ஊர்ப் பொடியன்கள் எல்லோரும் நாள்கணக்கில் தேடினார்கள். எட்டு உடல்கள். அதில் ஆறு மாணவர்கள்.

வெள்ள அனர்த்தம் என்று செய்திகள் எழுதின. மழையின் கணக்கில் போட்டாயிற்று. பாலத்து விளிம்பில் நின்று பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெட்டி நெல் மூட்டைக்குச் செய்தது. பிடிக்கக் கம்பி இல்லை, இருக்க ஆசனம் இல்லை. வீதி எங்கே முடிகிறது என்று காட்டத் தண்ணீருக்கு மேல் ஒரு தூணாவது உயர்ந்து நிற்க வேண்டும். மறித்துத் திருப்பி அனுப்ப ஒருவர் வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் இறந்தார்கள். இதை வீதி மரணம் என்று எழுதாவிட்டால் வேறு எதை எழுதுவது?

நான் நின்ற நேரத்தில் ஒரு மெசின் கடந்து போனது. பெட்டியில் உர மூட்டை, அதன் மேல் மூன்று பையன்கள். கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற கையோடு ஒலுவில் கடலுக்குப் போகும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பைக்குக்கு மூவர். பதினைந்து, பதினாறு, பதினேழு. லைசன் 18க்குத்தான், ஆனால் வாப்பா கட்டாரில் இருக்கிறார். சாதாரண தரம் பாஸான சந்தோஷத்தில் அனுப்பிய காசு வாசலில் பைக்காக நிற்கிறது. உம்மாவுக்கு மறிக்கத் தைரியமில்லை. கடைக்குப் போக, தங்கச்சியை டியூஷனுக்கு ஏற்ற, அவன்தான் வேண்டும்.

"காக்கா, மெல்லப் போங்க."

"பயந்தா எறங்குடா."

நடுவில் இருந்தவன் இறங்கவில்லை. அந்த வயதில் யார் இறங்குவார்கள்?

மஃரிப் ஆனதும் கட்டாக்காலி மாடுகள் காபட்டில் வந்து படுக்கும். பகல் சூடு தாரில் மிச்சமிருக்கும், அவற்றுக்கு அது பாய். கறுப்பு வீதியில் கறுத்த மாடு. மாநகர சபை அறிவித்தல் போடுகிறது, பிடிக்கிறது, தண்டம் அறவிடுகிறது. மாடுகள் மறுபடி வருகின்றன.

ஒரு வெள்ளி இரவு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல். வயதானவர் மௌத்தானால் அறிவித்தல் நீளும்: இன்னாரின் கணவர், இன்னார் இன்னாரின் தகப்பன், இன்னாரின் மாமனார், இன்னாரின் மச்சான். அன்று வந்தது சின்னது. இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன். அவ்வளவுதான். கணவனாகவோ தகப்பனாகவோ ஆக அவனுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. ரொட்டிக் கடையில் பேச்சு நின்றது. யாரோ "அல்லாட நாட்டம்" என்றார். இன்னொருவர், "மாட்டுக்காரன் ஆரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இன்னொரு காலை, அதே வாங்கு.

ஒன்பதரைக்கு அதே பைக், அதே வாப்பா. இந்த முறை டாங்கியில் யாருமில்லை. பின்னால் உம்மா, மடியில் குழந்தை, குழந்தையின் தலையில் பூப் போட்ட துணித் தொப்பி. கிளினிக்குக்குப் போகிறார்கள். பக்கத்துக் கட்டடம்தான், நானும் எழுந்து நடந்தேன்.

மிட்வைஃப் பெயர் கூப்பிட்டார். எடை பார்த்தார். வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்தார். போன மாதத்தைவிடக் கோடு கொஞ்சம் ஏறியிருந்தது, உம்மா சிரித்தாள். இந்த நாட்டில் இளம்பிள்ளை வாதம் கடைசியாகக் கண்டது 1993இல். மலேரியா இல்லை என்று உலகம் சான்றிதழ் தந்தது 2016இல். சின்னமுத்து ஒழிந்தது என்று அறிவித்தது 2019இல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கட்டம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் இந்த மிட்வைஃப் ஒழுங்கைக்குள் வந்து வீட்டைத் தட்டுவார். ஒல்லாந்தரிடம் போய்ப் படிக்க வேண்டியதில்லை. பிள்ளையை எண்ணத் தெரிந்த நாடுதான் இது.

ஊசி போட்டதும் குழந்தை வீரிட்டது. வாப்பா தூக்கி உலாத்தினார். வெளியே வந்து இருவரும் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டார்கள். உம்மா ஒரு பக்கமாக ஏறி இருந்தாள், அபாயாவைச் சுருட்டிச் செருகினாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள். பைக் ஏ4இல் ஏறியது.

குழந்தைக்கு ஒன்பது மாதம். அடுத்த ஊசி ஒரு வயது நிறையும்போது, மூளைக்காய்ச்சலுக்கு. அட்டையில் திகதி எழுதியிருக்கிறது.