சோலிங்கன் கத்தி

1988 மாரிகாலத்தில் நாங்கள் நாலு பேர் ஹவுன்ஸ்லோவில், பாத் றோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தோம். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும். கதையை நிறுத்திவைத்து, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நாலு பேருக்கும் ஒரு சட்டி, ஒரு கேத்தில், ஒரு கத்தி. கத்தி எங்களில் மூத்தவருடையது. அவரை நாங்கள் அண்ணை என்றே கூப்பிட்டோம்.

அது ஒரு வில்லுக்கத்தி. அவருடைய தகப்பனார் ஐம்பதுகளில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாங்கியது. கொம்புப் பிடி. அலகின் அடியில் பொடி எழுத்தில் 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கும். ஜேர்மன் சாமான் என்று சொல்லித் தகப்பனார் ஒருவரையும் தொட விடமாட்டாராம். மாங்காய் சீவுவதும் வாழைநார் அறுப்பதும் பிள்ளைகளின் பென்சில் கூராக்குவதும் அதில்தான். பின்னேரங்களில் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, தண்ணீர் தெளித்து, சீமெந்து விளிம்பில் மெதுவாகத் தீட்டுவார். அப்படி முப்பது வருடம் தீட்டியதில் அலகு ஒடுங்கிவிட்டது. அண்ணையின் சூட்கேசுக்குள் அது லண்டனுக்கு வந்தபோது விரலகலமும் இல்லை. அதில்தான் நாங்கள் வெங்காயம் வெட்டினோம், மீன் வெட்டினோம், ஊர்க் கடிதங்களைப் பிரித்தோம்.

இங்கே கிணற்றுக்கட்டு ஏது? கத்தி மொட்டையாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் அண்ணை இரவு வேலைக்குப் போனபிறகு, அவருக்கு ஒரு உதவி செய்வோம் என்று நினைத்து, கடைத்தெருவில் வாங்கிய ஒரு கருவியை வெளியே எடுத்தோம். பிளாஸ்ரிக் பிடி, அதன் நடுவில் ஆங்கில 'வி' எழுத்துப்போலச் சேர்த்துவைத்த இரண்டு சின்ன உலோகத் துண்டுகள். இடுக்குக்குள் அலகை வைத்து இழுக்க வேண்டியதுதான். பத்துத்தரம் இழுத்தோம். தக்காளிப்பழம் நீர் சிந்தாமல் வெட்டுப்பட்டது. எங்களுக்குப் புளுகம்.

நாலைந்து நாளில் மறுபடி மொட்டை. மறுபடி இழுத்தோம். ஒரு மாதம் இப்படிப் போனது. அந்தத் துண்டுகள் தங்ஸ்ரன் காபைட்டு. உருக்கைவிட மிகவும் வன்மையானவை. அவை தேய்ப்பதில்லை, அலகின் விளிம்பைச் சீவி எடுக்கின்றன. கோணமும் கருவி வைத்த கோணம்தான், கத்தியின் கோணமல்ல. மலிவான குசினிக் கத்திக்கு அது காணும். முப்பது வருடம் ஒரே கை தீட்டி மெலிந்த அலகுக்கு அது யமன். இதெல்லாம் பின்னால் அறிந்தவை. அன்று காலை வேலையால் வந்த அண்ணை, கத்தியைப் பிரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்பு நெளிநெளியாக இருந்தது. பிடியை அண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

"ஆர் உதில கை வைச்சது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"உது தீட்டுறேல்லையடாப்பா, சுரண்டுறது. ஐயா முப்பது வருசமாத் தேய்ச்சதை நீங்கள் ஒரு மாசத்தில தேய்ச்சுப் போட்டியள்."

இரண்டு நாள் அவர் எங்களோடு கதைக்கவில்லை. தகப்பனாரின் செத்தவீட்டுக்கு அவரால் போக முடியாமல்போய் அப்போது ஒரு வருடமும் ஆகவில்லை என்பதை நாங்கள் யோசித்திருக்கவேண்டும்.

பரிகாரம் தேடி அலைந்தபோது, எங்களில் ஒருவரோடு சரக்குக் கொட்டிலில் வேலை செய்த பஞ்சாபித் தச்சர் ஒருவர் ஒரு எண்ணெய்க்கல்லைக் கொண்டுவந்து தந்தார். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழமழப்பு. அதன் பெயரை விசாரித்தபோதுதான் ஒன்று தெரியவந்தது. இப்படியான கற்கள் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டு. அது இயற்கையில் கிடைக்கும்போது கொரண்டம். அந்தச் சொல் எங்கள் 'குருந்தம்' தான். இரத்தினபுரியில் கிண்டியெடுக்கும் நீலக்கல்லும் அதே பொருள். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான அச்செசன் மின்னுலையில் சிலிக்கன் காபைட்டை உண்டாக்கி, காபனையும் கொரண்டத்தையும் ஒட்டிக் 'காபொரண்டம்' என்று பெயர் வைத்தார். உலகத்துத் தச்சர்களின் பெட்டிக்குள் ஒரு தமிழ்ச்சொல் கிடக்கிறது. அண்ணை அன்றுதான் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கல்லில் முதலில் நல்லெண்ணெய் விட்டுக் கெடுத்தோம். அது பிசினாகிக் கல்லின் கண்ணை அடைத்துவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவியெடுத்து, பிறகு தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறினோம். கோணம் பிடிபடவில்லை. தச்சர் சொன்ன வழி இது: விளிம்பின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். இரண்டு தரம் கல்லில் இழுத்துப் பாருங்கள். மை கூரின் நுனியில் மட்டும் அழிந்தால் கத்தியை அதிகம் நிமிர்த்திவிட்டீர்கள். மேலே மட்டும் அழிந்தால் அதிகம் சரித்துவிட்டீர்கள். முழுக்க அழிந்தால் அதுதான் அந்தக் கத்தியின் கோணம். கையில் பழக்கம் வரும்வரை நாணயமும் உதவும். இப்போதைய இரண்டு பென்ஸ் குற்றி இரண்டை அடுக்கினால் 4 மில்லிமீற்றர். அலகு 12 மில்லிமீற்றர் அகலமென்றால், அதன் முதுகை அந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க ஏறத்தாழ 20 பாகை வரும்.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் பெருவிரலைக் குறுக்காகத் தடவினால் மயிர்போல ஒரு பிசிறு தட்டும். அது அடியிலிருந்து நுனிவரை தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியில் அமத்தாமல் மாறிமாறி நாலு இழுப்பு, பிசிறு விழ. அதன்பின் பழைய இடுப்புப் பெல்ட்டின் உட்தோலில், கூர் பின்னால் வர, பத்துத்தரம். பள்ளத்தை எடுக்கச் சொரசொரப்புப் பக்கத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. அதற்குப்பிறகு அந்தப் பக்கத்தை நாங்கள் தொட்டதில்லை. இன்று வைரத்தூள் தகடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை வேகமாகத் தின்னும். மெலிந்த கத்தியென்றால் 1000க்கு மேற்பட்ட மென்மையான தகடு போதும். ஒன்றுமில்லாவிட்டால் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மினுக்கமில்லாத வளையத்தில் தீட்டலாம். சிரிக்காதீர்கள், நல்லாய்த்தான் தீட்டும்.

அண்ணைக்கு அந்தப் பொடி எழுத்தில் ஒரு பித்துப் பிடித்தது. ஹவுன்ஸ்லோவைப் பற்றிய பழைய புத்தகங்களை நூலகத்தில் கிண்டினார். 1629ஐ அண்டி, முதலாம் சார்ள்ஸ் மன்னர் காலத்தில், சோலிங்கனிலிருந்து வாள் செய்பவர்களைக் கூட்டிவந்து இதே ஹவுன்ஸ்லோவில் குடியிருத்தினார்களாம். ஆற்றுநீரால் சுழலும் ஆலைகளில் அவர்கள் வாள் சாணை பிடித்தார்கள். சோலிங்கனில் வாள் தொழிலாளர் ஊரைவிட்டுப் போவதில்லையென்று சத்தியம் செய்தவர்கள். மீறிப் போனால் திரும்புவது இலேசல்ல. இங்கே வந்து பெயர்களை ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள். கின்ட் என்றவர் கெனட் ஆனார். 1642இல் உள்நாட்டு யுத்தம் வந்தது. சிலர் மன்னர் பக்கம் ஒக்ஸ்போட்டுக்குப் போனார்கள். ஆலைகளில் வெடிமருந்து அரைத்தார்கள். எங்களைப் போல உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களல்லர் அவர்கள், சம்பளத்துக்கு அழைக்கப்பட்டவர்கள். இந்த வித்தியாசத்தை அண்ணை ஏற்கமாட்டார். "வந்த இடத்தில யுத்தம் பிடிச்சதுதானே" என்பார். கன்னர்ஸ்பெரி நூதனசாலையில் ஹவுன்ஸ்லோ வாள்களைப் பார்க்க எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக் கத்தியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அண்ணை 2017இல் காலமானார். எங்களில் ஒருவர் ரொறன்ரோ போய்விட்டார். இருவர்தான் இங்கே மிச்சம். கத்தி எங்களிடம் வந்தது, மகனுக்குக் கொடுக்கச் சொல்லி. போன வருடம் மகன் வந்தான். குசினி மேசையில் கல்லை வைத்து, மை பூசி, நாணயம் அடுக்கிக் காட்டினோம். தகப்பனைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு தீட்டினான். வரி கேட்டு வந்த கடிதமொன்றை நுனியிலிருந்து நீளத்துக்கு அறுத்துப் பார்த்தான். சத்தமில்லாமல் போனது.

கொண்டுபோகச் சொன்னோம். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டு விழாமல் மடியும் கத்தி, கூர் 3 அங்குலத்துக்கு மேற்படாவிட்டால், காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். அண்ணையின் கத்தி அதற்குள் அடங்கும். அளந்தும் காட்டினோம்.

"சட்டம் எனக்கும் தெரியும் மாமா" என்றான். "றெயின் ஸ்ரேசன்ல மறிச்சு, என்ரை பொக்கற்றுக்குள்ள இருந்து இதை எடுக்கிறவனுக்கு அடிமட்டம் வைச்சு அளக்க நேரமிருக்காது. என்னை இதுக்கு முதலும் ரெண்டு தரம் மறிச்சவங்கள்."

அலகைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசி மடித்தான். லாச்சியைத் திறந்து, உள்ளே கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான். அடுத்த மாதம் வந்து தீட்டுகிறேன் என்றான். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வருகிறான்.