அக்காவின் கிளினிக் வைஃபை

மார்ச் 3, 2025, திங்கள்

நெட் இழுக்கிறது என்று அக்கா கூப்பிட்டாள். கிளினிக்குக்குப் போனேன். காலண்டருக்குக் கீழே வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருந்தது: கிளினிக் பெயர், பின்னால் 123. டோக்கனோடு பெஞ்சில் காத்திருந்த எல்லோர் போனும் அதில்தான். என் லேப்டாப்பையும் இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 அடித்தேன். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வைஃபை பெட்டியின் செட்டிங்ஸ் அப்படியே திறந்துகொண்டது. மாட்டிக்கொடுத்தவர் அதை மாற்றவே இல்லை.

அதைவிட, ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் தெரிந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு லேப் ரிப்போர்ட். எங்கள் தெருக்காரர் ஒருவரின் பெயரைக் கண்டதும் மூடிவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லாததை டாக்டரிடம் சொல்லியிருப்பார். பெஞ்சில் உட்கார்ந்த யார் வேண்டுமானாலும் அதைப் படித்திருக்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். ஃபோல்டருக்கும் பூட்டுப் போட்டேன்.

"நம்ம கிளினிக்கை யாருடா குறி வைக்கப் போறாங்க?" என்றாள் அக்கா. ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. போலீஸ் தேடிக்கொண்டு போனது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டுக்கு. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூட்டாத அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அக்கா கேட்டுவிட்டு, "என்ன செய்யணுமோ செய்" என்றாள்.

மார்ச் 5, புதன்

செக்யூரிட்டி பக்கத்தில் வைஃபையைப் பூட்டும் முறைகளான டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 இரண்டும் கலந்து, குறியாக்கத்துக்கு டிகேஐபி-யும் ஏஇஎஸ்-ஸும் சேர்த்து வைத்திருந்தது. 1997-இல் வந்த பழைய பூட்டு முறையான டபிள்யூஇபி 2001-இல் உடைந்துபோன பிறகு, பழைய கருவிகளைத் தூக்கிப்போடாமல் சமாளிக்க வந்த ஒட்டுவேலைதான் டிகேஐபி. டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல். ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றினேன். உடனே லேபிள் பிரின்டர் நின்றுவிட்டது. அந்தப் பழைய பிரின்டருக்கு டிகேஐபி மட்டும்தான் தெரியும். அது ஒன்றுக்காகத்தான் மொத்த நெட்வொர்க்கும் இறங்கி நின்றிருக்கிறது. பிரின்டருக்கு லேன் கேபிள் இழுத்தேன். வேலை செய்கிறது.

அடுத்த பெட்டி வாங்கும்போது 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்தேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எட்டு இலக்க பின் நம்பர்தான் இதன் ஓட்டை. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிட்டுப் போடுவது. மிச்சம் ஒரு கோடி. முதல் நான்கு இலக்கம் சரியா, தப்பா என்று பெட்டி தனியாகவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்கு 10,000 முயற்சி. அடுத்த மூன்றுக்கு 1,000. ஆக 11,000-தான். 2011-இல் ஸ்டெஃபான் ஃபீபெக் இதை வெளியிட்டார். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தக் கொல்லைக் கதவு வழியாக அது கைக்குப் போய்விடும்.

மார்ச் 7, வெள்ளி

புது பாஸ்வேர்டு. அப்பா பெயரும் பிறந்த வருடமும் வைக்கச் சொன்னாள் அக்கா. வேண்டாம் என்றேன். ஒரு போன் வைஃபையில் சேரும்போது பெட்டியோடு பேசிக்கொள்வதை வாசலில் நின்று பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரை விட்டு நாள்கணக்கில் ஊகிக்க வைக்கலாம். பெட்டிக்குத் தெரியவே தெரியாது. அதற்கு எதிராக நமக்கு இருப்பது நீளம்தான். 8 முதல் 63 எழுத்து வரை இடம் உண்டு. ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தோம். அவற்றை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பெஞ்சுக்காரர்களுக்கு வைஃபையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். "துபாய்ல இருக்கிற மகனுக்கு வீடியோ கால் போட்டு, டாக்டர் சொன்னதைச் சொல்வாங்கடா. அதை நிறுத்தாதே" என்றாள் அக்கா. அவள் சொன்னது சரி. கெஸ்ட் நெட்வொர்க் தனியாகத் திறந்து, உள் நெட்வொர்க்கைப் பார்க்கும் அனுமதியை எடுத்தேன். ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன்.

பிறகு, லேப்டாப்போடு அதே பெஞ்சில் உட்கார்ந்து, கெஸ்டில் இணைத்து, ரிசப்ஷன் கம்ப்யூட்டரைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஷேர் ஃபோல்டரின் முகவரியை நேராக அடித்தும் பார்த்தேன். திறக்கவில்லை. காலண்டருக்குக் கீழே கெஸ்ட் பாஸ்வேர்டைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.