விலை சொல்வது யார்?

2019-ல் வாய்ஸ் டாட் காம் என்ற இணைய முகவரி 3 கோடி டாலருக்கு விலைபோனது. இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும் இளைஞர்களுக்குக் கை பரபரப்பது இயல்புதான்.

வட்டக்கானலில் ஒரு வீடு. இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சேர்த்த சீசன் பணம் முப்பதாயிரத்தை மகன் கேட்டான். முப்பது பெயர்களைப் பதிவு செய்து விற்பானாம். அம்மா மறுக்கவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்.

"மலைப்பூண்டுக்கு நாம சொல்றதா தம்பி விலை? வாங்குறவங்க கொடுக்குறதுதானே?"

அந்தக் கேள்வியை வைத்துச் சலித்ததில் முப்பதில் மிஞ்சியது இரண்டே பெயர்கள்.

புதிதாக இறங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மதிப்பீட்டுத் தளங்கள் காட்டும் தொகை வெறும் ஊகம்; அதுபோன்ற பெயர்கள் உண்மையில் விற்ற விலையே கணக்கு. பெயர் சுருக்கமாக இருக்கவேண்டும், காதில் விழுந்ததும் பிழையின்றி எழுத வரவேண்டும். வட்டக்கானலையே ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்களே! பிரபல நிறுவனங்களின் பெயர் பக்கம் போகவே கூடாது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கான பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது.

விற்காத பூண்டு குழம்புக்காவது ஆகும். விற்காத பெயருக்கோ ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டவேண்டும்!