காந்தமும் கடனும்

மின்சார மோட்டார் என்றதும் பெரிய தொழிற்சாலைகளும் பேரறிஞர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அமெரிக்காவில் அதற்கு முதன்முதல் காப்புரிமை பெற்றவர் ஒரு கொல்லர். வெர்மாண்ட் மாகாணத்துத் தாமஸ் டாவன்போர்ட் என்பவர் 1837-ஆம் வருஷம் பிப்ரவரி 25-ஆம் தேதி அதைப் பெற்றார். கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்கும் பொருட்டு, அவருடைய மனைவி எமிலி தமது கலியாணப் பட்டு உடையையே கிழித்துக் கொடுத்தார் என்பர். பட்டறையில் பிறந்த யந்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் செய்ய முடியாதா என்ன? ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் நாம் அதில் இறங்கினோம்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மாணவன் ஒருவனுடைய தந்தை சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மின்சாரமோ எண்ணெயோ இன்றி, காந்தங்களின் பலத்தாலேயே ஓயாது சுழலும் யந்திரம் ஒன்றை அவர் கைபேசிப் படத்தில் கண்டிருக்கிறார். அதில் பங்கு சேர்ப்பதாகச் சொல்லி ஒருவர் முன்பணமும் வாங்கிப் போனாராம். மீதித் தொகைக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்க எண்ணியவர், "சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நம்மிடம் வந்தார். வார்த்தையைவிடச் செய்து காட்டுவதே மேல் என்று நமக்குத் தோன்றியது.

அவர் கடையிலிருந்தே பழைய முன்சக்கர ஹப் ஒன்று வந்தது. அதில் மரவட்டம் ஒன்றைப் பொருத்தி, விளிம்பில் நான்கு கறுப்புக் காந்தங்களை வடதுருவம் வெளியே பார்க்குமாறு ஒட்டினோம். எதிரே, இனாமல் பூசிய செப்புக் கம்பியை நானூறு சுற்றுச் சுற்றிய இரும்பு போல்ட். ஹப்போடு சுழலும்படி நான்கு செப்புத் தகடுகள்; இரு பித்தளை நாக்குகள் தகட்டைத் தொடும்போது மட்டும் மின்சாரம் பாயும். காந்தம் நெருங்கும்போது இரும்பு அதைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அது போல்ட்டைத் தாண்டிய கணத்தில் மின்சாரம் பாய்ந்து, போல்ட்டின் முனையை வடதுருவமாக்கி, அதை அப்பால் தள்ளும். சூட்சுமமெல்லாம் இந்தக் கணத்தில்தான் இருக்கிறது. இரண்டு நாட்கள் தகடுகளை இம்மி இம்மியாக நகர்த்திய பிறகே சக்கரம் சுழன்றது. பையன்கள் போட்ட கூச்சலில் அடுத்த வகுப்பு உபாத்தியாயர் ஓடி வந்துவிட்டார்!

தந்தையை அழைத்து, அவர் கையாலேயே பாட்டரியைக் கழற்றச் சொன்னோம். சக்கரம் சில சுற்றுக்களில் தயங்கி, ஒரு காந்தம் போல்ட்டுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டது.

"அப்போ காந்தத்துக்குப் பலமே இல்லையா, சார்?"

"பலம் உண்டு. ஆனால் கிட்ட வரும்போது கொடுத்ததை, விலகும்போது திருப்பிக் கேட்டுவிடும். மேட்டிலிருந்து மிதிக்காமல் இறங்கும் சைக்கிள், எதிரே அதே உயர மேட்டில் ஏறிவிடுமா?"

"ஏறாதுங்க. கொஞ்சம் முன்னாடியே நின்னுடும்."

அந்தக் குறைவைத்தான் மின்சாரம் ஈடு செய்கிறது என்றோம். மறுபடி பாட்டரியை இணைத்து, சக்கரத்தை அவர் விரலால் மெல்ல அழுத்தியபோது அம்மீட்டரின் முள் மேலேறியது. வேலை கூடினால் செலவும் கூடும் என்பதை அவர் கண்ணாலேயே கண்டார்.

இந்த விளையாட்டு யந்திரத்தின் தத்துவமே இன்று வீடுகளுக்கு வந்திருக்கும் புதுவகை மின்விசிறிகளிலும் இருக்கிறது. அவற்றில் செப்புத் தகட்டின் வேலையை மின்னணுச் சுற்று செய்கிறது. பழைய விசிறி சுமார் 75 வாட் உண்ணும் இடத்தில் இவை சுமார் 30 வாட்டில் திருப்தியடைகின்றன. நிலைக் காந்தம் செலவைக் குறைக்கும். செலவே இல்லாமல் செய்யாது.

முன்பணம் திரும்பி வரவில்லை. சங்கிலி மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த வாரம் அவரே இன்னொரு ஹப்பைக் கொடுத்தனுப்பினார், இதைவிட வேகமாகச் சுழலும் ஒன்றைச் செய்யும்படி.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பழைய கம்பியும் காந்தமும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கூடத்தில் கொஞ்சம் குப்பை சேரும், பாதகமில்லை.