எந்த ஊரு?

சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் 1982இல் ரூம் பாயாகச் சேர்ந்தேன். நாலு வருஷம் கழித்து மேஜைக்கு வந்தேன். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. வருகிறவரிடம் "எந்த ஊரு?" என்று கேட்க வேண்டும், நீளமான ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், முதுகுக்குப் பின்னால் பலகையில் தொங்கும் 24 சாவிகளில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்டரில் எங்கிருந்து வருகிறார் என்று ஒரு கட்டம், அடுத்து எங்கே போகிறார் என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் "ஊருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

மதியம் ஆள் வராத நேரத்தில் பரணிலிருந்த பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் புரட்டுவேன். மார்கழித் திருவாதிரையையும் ஆனித் திருமஞ்சனத்தையும் ஒட்டிய பக்கங்களில் சுன்னாகம், நல்லூர், உடுப்பிட்டி, காரைநகர் என்று ஊர்கள். எல்லாம் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இலேயே இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியவர். யாழ்ப்பாணத்தாருக்குச் சிதம்பரம் ஒன்றும் வெளியூர் இல்லை. ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, நேரே இங்கே வருவார்கள். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர்கள் அருகிப்போயின. கப்பலும் நின்றது. அந்த வருஷம் திருவாதிரைக்கு நாங்கள் எப்போதும்போல மெத்தை உறையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தோம்.

எனக்கு வீடு கடலூர் முதுநகர். வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வருவேன். 1987 செப்டம்பர் 17, வியாழக்கிழமை, பஸ் ஓடவில்லை. மருத்துவர் ராமதாஸ் தலைமையில் வன்னியர் சங்கம் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்திருந்தது. ஒரு வாரம் என்றால் ஒரு நாள் நடக்கும், மறுநாள் பேசி முடித்துவிடுவார்கள் என்றார் முதலாளி. அப்போது கடலூர், விழுப்புரம் எல்லாம் சேர்ந்து ஒரே தென்னாற்காடு மாவட்டம். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள் என்று நடந்தே வந்து சேர்ந்த ஒரு லாரி டிரைவர் சொன்னார். எந்த இடத்தில் என்று கேட்டோம். "எந்த இடத்துல இல்லன்னு கேளுங்க" என்றார்.

மகாளய அமாவாசை நெருங்கிய வாரம் அது. பூம்புகாரில் முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுக்கக் கிளம்பிய சேலத்துக் குடும்பம் ஒன்று முதல்நாள் இரவே எங்களிடம் தங்கியிருந்தது. ஏழு பேர். மூன்றாம் நாள் கீழே இருந்த ஓட்டலில் காய்கறி தீர்ந்தது. சாம்பார் போய் ரசமும் அப்பளமும் என்றானது. நாலாம் நாள் பால் கிடைக்காமல் வரக்காப்பி. அந்தக் குடும்பத்துப் பெரியவர் தினமும் மேஜைக்கு வந்து, "தம்பி, இன்னைக்கு வண்டி உண்டா?" என்பார். அப்பாவுக்கு முதல் வருஷத் தர்ப்பணமாம். அமாவாசையன்று சிவகங்கைக் குளத்தில் முழுகிவிட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பூம்புகார் இனி எனக்கு வேண்டாம்" என்றார். அடுத்த இருபது வருஷத்தில் அவர் முகவரியை எங்கள் ரிஜிஸ்டரில் நான் மறுபடி எழுதவில்லை.

அதற்கு முந்தியே, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முதலாளியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலூர் சாலையில் கிளம்பினேன். வெள்ளாறு தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். தார் ரோட்டின் குறுக்கே முழுப் புளியமரம், இலைகூட வாடவில்லை. அடிமரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக் கேட்டார்: "எந்த ஊரு?"

தினம் முப்பது பேரிடம் நான் கேட்கிற கேள்வி. முதுநகர் என்றேன். "அது சரி, எந்தத் தெரு?" என்றார். தெருப் பெயரில்தான் விஷயம் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சொன்னேன். கையை எடுத்துவிட்டார். "அங்கங்க இப்படித்தான் கெடக்கு, திரும்பிப் போயிடு தம்பி" என்று கனிவாகவே சொன்னார். அந்தத் தெருப் பெயர் அவருக்கு ஏன் போதுமானதாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது.

லாட்ஜில் என்னோடு வேலை பார்த்த இன்னொரு பையன் காலனிக்காரன். அவன் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வாரத்தில் எரிந்த குடிசைகளில் தலித் மக்களுடையவையும் இருந்தன. அவனுக்குச் சேதி வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் பத்து நாள் மாடிப்படிக்குக் கீழேதான் படுத்தான். மறியலில் செத்தவர்கள் 21 பேர், பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில். பாதிக்குமேல் என் வயதுக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று 1989இல் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனியாகப் பிரித்து 20 விழுக்காடு கொடுத்தார் கருணாநிதி. மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் நியாயமும் மாடிப்படிக்குக் கீழே படுத்தவனின் பயமும் ஒரே வாரத்தில் நடந்தவை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை விழுங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு லாட்ஜுகளில் சோதனை. வெளிநாட்டார் தங்கினால் சி படிவம் எழுதிப் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது எப்போதும் உள்ள சட்டம். இப்போது அதற்கும் மேலே, இலங்கைக்காரர் யார் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். முதலாளி ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேணாம்." ஜூன் மாதம் ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும், நடுத்தர வயதுக் கணவன் மனைவி, ஒரு பெட்டி. "தம்பி, அறை ஒண்டு இருக்கோ?" என்றார் அவர். எந்த ஊரு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரூம் இல்லைங்க என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பலகையில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். பதினைந்து சாவியாவது இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்கள். அன்றைக்கு ரிஜிஸ்டரில் எழுத ஒன்றுமில்லை.

கலவரமும் மறியலும் மட்டுமல்ல, குடியும் ஆட்களின் போக்குவரத்தை மாற்றியது. பாண்டிச்சேரி சங்கதிக்கு வருகிறேன். கடலூரில் "பாண்டிக்குப் போறேன்" என்பதற்கு எப்போதும் இரண்டு அர்த்தம். மதராஸ் ராஜ்ஜியத்தில் 1948லிருந்து 1971வரை மதுவிலக்கு. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடை. எங்கள் தாத்தா அந்த அர்த்தத்தில்தான் போய் வந்திருக்கிறார். இந்தப் பக்கமும் கடை திறந்த பிறகுகூட அங்கே வரி குறைவு, விலை குறைவு. கன்னியக்கோவில், முள்ளோடைப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் திருவிழாக் கூட்டம். ஆல்பேட்டை செக்போஸ்டில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறிப் பைகளை அமுக்கிப் பார்ப்பார். அவரும் முதலில் கேட்பது "எந்த ஊரு, எங்க போற?" என்பதுதான்.

இன்னோர் அர்த்தமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பொம்பிளைகளெல்லாம் சேர்ந்து பாண்டிக் கடற்கரைக்குப் போவார்கள். காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவார்கள். அந்தக் கடைசி பஸ்தான் முதலில் போனது. ஒருநாள் என் தங்கச்சி மேல் ஒருத்தன் வாந்தி எடுத்தான். இன்னொரு நாள் சீட்டுக்காகச் சண்டை, கண்ணாடி உடைந்தது. ஆறு மணி பஸ்ஸுக்கே கிளம்பினார்கள், பிறகு நாலு மணிக்கு, பிறகு போகவே இல்லை. தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சே போதும் என்றாகிவிட்டது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. தடை ஏதும் போடாமலே ஒரு ஊர் வீட்டுக்குத் தூரமாகிவிட்டது.

2000க்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை சீரானதும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கின. வெள்ளி, சனி பாண்டியில் ஆட்டம். ஞாயிறு பிச்சாவரத்தில் படகு. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் என்று அந்தக் காலத்தில் கூட்டிக்கொண்டு போவோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, சுரபுன்னை வேரும் தண்ணீரும் போதும். நடுவில் எங்கள் லாட்ஜ். கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுப்பார்கள். மறுநாள் உடைந்த கண்ணாடிக்கும் கொடுப்பார்கள். முதலாளிக்கு அந்தப் பணம் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் வியாழக்கிழமையே போன் வரும்: "ஃபேமிலியோட வர்றோம், உங்க லாட்ஜ்ல குடிக்கிறவங்க உண்டா?" தெற்கே வைத்தீஸ்வரன்கோவில், திருக்கடையூர் என்று போகிறவர்கள் சிதம்பரத்தில் சனிக்கிழமை ராத் தங்கலை விட்டுவிட்டு, பகலில் தரிசனம் முடித்து நேரே அங்கே போய்த் தங்கினார்கள். கடைசியில் மேஜைக்குப் பின்னால் ஒரு போர்டு எழுதி மாட்டினோம்: மது அருந்த அனுமதி இல்லை, பேச்சிலர்களுக்கு ரூம் கிடையாது. வந்தவர்களில் நல்ல பையன்களும் உண்டு. ஒருவன் காலையில் எழுந்து, கூட்டாளி அசிங்கம் பண்ணியதைத் தானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனான். போர்டுக்கு அதெல்லாம் தெரியாது.

2009 மார்கழியில் திருவாதிரையும் ஆங்கிலப் புத்தாண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. டிசம்பர் 31 ராத்திரி. அன்று பௌர்ணமி, நள்ளிரவுக்குமேல் சந்திர கிரகணம் வேறு. இருபத்துநாலு ரூமும் போய், வராந்தாவிலும் மாடிப்படி திருப்பத்திலும் ஜமக்காளம் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒன்பதாம் நம்பரில் டொரொன்டோவிலிருந்து வந்த ஒரு அம்மாள், மகளோடு. சி படிவத்தில் எழுதும்போது பிறந்த ஊர் காரைநகர் என்றார். அங்கே உள்ள சிவன் கோயிலுக்கு ஈழத்துச் சிதம்பரம் என்றுதான் பெயராம். "இப்பதான் அசல் சிதம்பரம் பாக்கிறன்" என்றார். இலங்கையில் போர் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் தெருமுனையில் சரவெடி கொளுத்தினார்கள். படியில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்த அம்மாள் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மகள் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்து, "புது வருசமம்மா, வெடி கொளுத்துகினம்" என்றார். அம்மாள் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கார் வந்து நின்றது. நாலு பையன்கள், பாண்டியில் எங்குமே இடம் கிடைக்காமல் இங்கே வரைக்கும் வந்துவிட்டார்களாம். ஒருவனுக்கு நிற்க முடியவில்லை. "அண்ணே, எவ்வளவு வேணாலும் தர்றோம்" என்றான் இன்னொருவன். கையைக் காட்டி இல்லை என்றேன். ஒருவன் என் மேஜையைத் தட்டினான், மற்றவன் அவனை இழுத்துக்கொண்டு போனான். கார் கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன.

"ஆர் அது? எந்த ஊர் ஆக்கள்?" என்றார் அந்த அம்மாள் படியிலிருந்தே.

"மெட்ராஸ் பையனுங்கம்மா. குடிச்சிட்டு வந்திருக்காங்க."

"அறை குடுத்தனீங்களோ?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பாவம், இந்த நேரத்தில பிள்ளையள் எங்கை போவினம்?" என்றார்.

திரும்பி, எனக்குப் பின்னால் இருந்த பலகையை அவருக்குக் காட்டினேன். அன்றைக்கு அதில் ஒரு சாவிகூட இல்லை.