இடப்பக்கத்து இருக்கை

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளை, திருவொற்றியூரில் குடியேறிய நாள்முதல் தொல்லையாகவே கண்டுவந்திருக்கிறோம். அவ்வரிசையில் ஒருநாள், எம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டேன் ஐயா. அனுபவம் இல்லாம யாரும் வண்டியத் தர மாட்டேங்கறாங்க. சம்பளம் வேணாம், கிளீனரா வரேன்னு நானே கேட்டேன்" என்றான்.

சாப்பாடு டிரைவர் வாங்கித் தருவது. வண்டியைப் பின்னால் எடுக்கையில் பக்கவாட்டைத் தட்டிக் குரல் கொடுப்பதும், வரிசை நகர்ந்தால் டிரைவரை எழுப்புவதும் இவன் வேலை. நள்ளிரவில் சாலை காலியாக இருந்தால் சற்றுநேரம் ஸ்டியரிங் கிடைக்கும். அதுவே கூலி.

ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் கிளீனரும் தொழிலாளரே என்றுதான் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஆனால் ஐவருக்கும் குறைவானோர் வேலைசெய்யும் இடங்களுக்கு அது இயல்பாகப் பொருந்தியதில்லை. ஒற்றை லாரி முதலாளியிடம் சேர்ந்தவனுக்கு அந்த வரையறையால் என்ன பயன்?

இதற்கு ஏன் உடன்பட்டாய் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டோம். எம்.ஏ. முடித்த ஆண்டில், அனுபவச் சான்றிதழுக்காகத் தனியார் கல்லூரியொன்றில் ஊதியமின்றி வகுப்பெடுத்தவர்கள்தாமே நாமும்? அப்போது எம்மைத் தாங்கத் தந்தையின் ஓய்வூதியம் இருந்தது. இவனுக்கு, காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் கூடை. லாரிக்கு ஓட்டுநர் ஒருவர் உருவாகும் செலவை அந்தக் கூடைதான் சுமக்கிறது.

வரிசை நகர்ந்தது. "வரேன் ஐயா" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டான், இடப்பக்கமாக.